தற்காப்பு ஆட்டம் டென்னிஸைச் சலிப்பாக்குகிறதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எல்லாரும் பின்னால் நின்றுகொண்டு பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், துணிந்து அடிப்பவர் யாரையும் காணோம்" என்ற குறையைத் தொழில்முறை டென்னிஸைப் பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். நடால், ஜோகோவிச், மர்ரே ஆகியோர் உச்சத்தில் இருந்தபோது இந்தக் குறை உரத்து ஒலித்தது. ரஷ்யாவின் டேனில் மெத்வதேவ் ஆடும் நாள்களில் இன்றும் ஒலிக்கிறது. இதையொட்டி ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. கருத்து சார்ந்த இடங்களில் என் சார்பை நான் மறைக்கவில்லை.

தற்காப்பு ஆட்டம் என்று எதைச் சொல்கிறோம்?

பந்தைத் தவறாமல் எல்லைக்குள் திருப்பி அனுப்புவது முதல் வேலை, புள்ளியை முடிப்பது அதற்கு அடுத்த வேலை என்று ஆடுவதைத் தற்காப்பு ஆட்டம் எனலாம். இப்படி ஆடுபவர் களத்தின் பின்கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நிற்பார். கோட்டை ஒட்டி அடிக்க ஆசைப்பட மாட்டார். பந்தை வலைக்கு மேல் நல்ல உயரத்தில், பெரும்பாலும் மூலைக்கு மூலையாக அனுப்புவார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வலையின் நடுப்பகுதி 0.914 மீட்டர் உயரம், கம்பங்களின் அருகே 1.07 மீட்டர். களத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் களத்தை மூலைக்கு மூலை அளந்தால் 25 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே குறுக்காக அடிக்கும் பந்து வலையைத் தாழ்ந்த இடத்தில் கடக்கிறது, எல்லைக்குள் விழுவதற்கு அதற்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது, அது போய்ச் சேர்வதற்குள் அடித்தவர் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஓடிக் களைத்தவருக்கு அந்தச் சிறு அவகாசம் பெரிய வரம்.

ஆனால் இந்த ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு வகையினரை அடைத்துவிடுகிறோம். எதிராளி தவறு செய்யும்வரை வேகமில்லாத பந்துகளை நடுக்களத்துக்கே அனுப்பிக்கொண்டிருப்பவர் ஒரு வகை. எதிராளி கொடுக்கும் வேகத்தையே திருப்பிவிட்டு, அவர் வலையை நோக்கி வந்தால் அவரைத் தாண்டிப் பக்கவாட்டில் பாசிங் ஷாட் அடிப்பவர் இன்னொரு வகை. லேட்டன் ஹெவிட், ஆண்டி மர்ரே, சிமோனா ஹாலெப் ஆகியோர் இதில் அடங்குவர். மூன்றாம் வகையினர், தோற்றுவிட்ட நிலையில் உள்ள ஒரு புள்ளியை இரண்டே அடிகளில் தாக்குதலாக மாற்றிவிடுவார்கள். நடாலும் ஜோகோவிச்சும் இந்த மூன்றாம் வகையினர். அவர்களை 'தற்காப்பு ஆட்டக்காரர்கள்' என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான்.

அப்படியானால் தற்காப்பு ஆட்டம் சலிப்பூட்டுவதில்லையா?

தற்காப்பு தனியே சலிப்பூட்டுவதில்லை. வலையின் இருபுறமும் ஒரே ஆட்டம் நடக்கும்போதுதான் சலிக்கிறது என்பது என் கருத்து.

டென்னிஸ் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசும் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். 1980 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஜான் மெக்கன்ரோ வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் வலையை நோக்கி ஓடிவந்தார். பியோன் போர்க் அவரைத் தாண்டிப் பந்தை அனுப்பப் பார்த்தார். போர்க்கும் புல்தரையில் முதல் சர்வுக்குப் (புள்ளியைத் தொடங்கும் அடிக்குப்) பின் முன்னேறியவர்தான்; ஆனால் அவருடைய மனம் பேஸ்லைனில் இருந்தது. நான்காவது செட்டின் டைபிரேக்கை (செட் சமனாகும்போது அதை முடிக்க ஆடும் கேமை) 18-16 என்று மெக்கன்ரோ வென்றதும், ஐந்தாவது செட்டை 8-6 என்று போர்க் வென்றதும் இன்றும் நினைவுகூரப்படுவதற்கு அந்த முரணே காரணம். 2008 விம்பிள்டன் இறுதியாட்டமும் அப்படித்தான். 4 மணி 48 நிமிடம் நீடித்து, வெளிச்சம் மங்கிய வேளையில் 9-7 என்று முடிந்த அந்த ஆட்டத்தில், ரோஜர் ஃபெடரரின் தாக்குதல் அவ்வளவு அழகாகத் தெரிந்ததற்கு எதிரில் நடால் நின்றதே காரணம். வேறு எவரானாலும் இரண்டாவது அடியிலேயே முடிந்திருக்கும் புள்ளி, நடாலிடம் நான்காவது, ஐந்தாவது அடிவரை போனது. ஃபெடரர் ஒவ்வொரு முறையும் இன்னும் சிறந்த ஓர் அடியைத் தேட வேண்டியிருந்தது.

சுவர் பலமாக இருந்தால்தான் அதை உடைப்பவரின் கை பலம் தெரியும். இரண்டு சுவர்களை எதிரெதிரே நிறுத்தினால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கு அடுத்த விடையில் வருகிறேன்.

நீண்ட ராலி என்றாலே நல்ல ஆட்டம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பந்து மாறி மாறி அடிக்கப்படும் தொடரை ராலி என்கிறோம். அதன் நீளத்தை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. மூன்று ராலிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, 2013 அமெரிக்க ஓபன் இறுதியாட்டத்தில் நடாலும் ஜோகோவிச்சும் இரண்டாவது செட்டில் ஆடிய 54 அடி ராலி. அது நடாலின் சர்வை முறிக்க (அவர் சர்வ் செய்யும் கேமை வெல்ல) ஜோகோவிச்சுக்குக் கிடைத்த வாய்ப்பு. அந்த 54 அடிகளிலும் இருவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை: கீழ்ச்சுழற்சி கொண்ட மெதுவான ஸ்லைஸ் வந்தது, முன்சுழற்சி கொண்ட உயரமான டாப்ஸ்பின் வந்தது, ஒருவர் மூலைக்குத் துரத்தப்பட்டு எப்படியோ திரும்பி வந்தார், பிடி இருவர் கையிலும் மாறி மாறி இருந்தது. கடைசியில் நடாலின் பேக்ஹேண்ட் வலையில் சிக்கியதும் ஜோகோவிச் கைகளை உயர்த்தினார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அந்த செட்டை வென்ற ஜோகோவிச், கோப்பையை மட்டும் நடாலிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது, அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் பிரான்சின் ஜில் சிமோனும் கேல் மோன்ஃபில்ஸும் ஆடிய 71 அடி ராலி. ஏறத்தாழ முழுவதும் ஸ்லைஸ். பந்து மிதந்து போனது, மிதந்து வந்தது. யார் முதலில் அடிப்பது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து செட்டுகள் நீண்டு 8-6 என்று முடிந்த அந்த ஆட்டத்தை ஒரு விநோதமாக ரசித்தவர்கள் உண்டு. நானும் முதல் 30 அடிகள் வரை ரசித்தேன்.

மூன்றாவது, 1984-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் விக்கி நெல்சனும் ஜீன் ஹெப்னரும் ஆடியது. அந்த ஒரே புள்ளி 29 நிமிடம் நீடித்தது. பந்து 643 முறை வலையைக் கடந்தது. இரண்டே செட்டுகளில் முடிந்த அந்த ஆட்டத்துக்கு ஆறரை மணி நேரம் ஆயிற்று. இருவருமே பந்தை மிக உயரமாகத் தூக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு சாதனையாகப் படிப்பது சுவையாக இருக்கிறது. உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தால் எத்தனை பேர் இறுதிவரை இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

முதல் ராலிக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் இல்லை. முதலாவதில் ஒவ்வோர் அடிக்கும் பிறகு நிலைமை மாறியது. மற்ற இரண்டிலும் பத்தாவது அடியின்போது இருந்த நிலைதான் ஐம்பதாவது அடியிலும் இருந்தது.

இன்றைய டென்னிஸில் நீண்ட ராலிகளே நிறைந்திருக்கின்றனவா?

இல்லை. நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம் ஆட்டங்களில் பத்துக்குச் சுமார் ஏழு புள்ளிகள், சர்வையும் சேர்த்து நான்கு அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒன்பது அடிகளைத் தாண்டுவது பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. நம் நினைவில் தங்குவதும் தொகுப்புக் காட்சிகளில் இடம்பெறுவதும் அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே என்பதால், ஆட்டமே அப்படித்தான் நடக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

முன்பு எல்லாரும் தாக்கி ஆடியதால் டென்னிஸ் விறுவிறுப்பாக இருந்ததல்லவா?

அந்தக் காலத்தில் எழுந்த குறைகளை மறந்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். 1990-களில் விம்பிள்டனைப் பற்றிய புலம்பல் இன்றைய புலம்பலுக்கு நேர் எதிராக இருந்தது: "சர்வ் அடிக்கிறார், புள்ளி முடிகிறது, இதில் டென்னிஸ் எங்கே?" 1994 இறுதியாட்டத்தில் பீட் சாம்ப்ராஸும் கோரான் இவானிசெவிச்சும் மோதியபோது இந்தக் குறை உச்சத்துக்குப் போனது. 7-6, 7-6, 6-0 என்று சாம்ப்ராஸ் வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு பெரும் சர்வ்கள் மோதிக்கொண்டன. தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பினால் ஒரு கேம் போய்விடும். சாம்ப்ராஸின் சர்வை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. மற்றவர்களுக்கு எண்கள் மட்டுமே மாறிக்கொண்டிருந்தன. சர்வின் ஆதிக்கத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து, பின்னாளில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வேகமான தரைகளுக்கென்று சற்றுப் பெரிய பந்து வகை ஒன்றையே விதிகளில் சேர்த்தது.

இதே உண்மையை 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் வேறு விதமாகக் காட்டினார்கள். மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68. அது தற்காப்பால் நீண்ட ஆட்டமன்று. எதிராளி தொடவே முடியாத சர்வான ஏஸ்களை இருவரும் தலா 100-க்கு மேல் அடித்த ஆட்டம். கடைசி செட்டில் எவராலும் எவருடைய சர்வையும் நெடுநேரம் முறிக்க முடியாததால்தான் அது நீண்டது. ஆகவே ஒரே மாதிரியான ஆட்டம் தாக்குதலிலும் வரும்.

பிறகு ஏன் எல்லாரும் பேஸ்லைனுக்குப் பின்வாங்கினார்கள்? துணிச்சல் குறைந்துவிட்டதா?

துணிச்சலுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. கருவிகளும் தரையும் மாறியதால் வலைக்கு ஓடுவது நஷ்டமான வியாபாரமாகிவிட்டது.

முதலில் மட்டையின் நரம்பைச் சொல்ல வேண்டும். 1997-இல் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்தாவோ குவெர்த்தன் பிரெஞ்சு ஓபனை வென்றபோது, அவருடைய மட்டையில் பாலியெஸ்டர் நரம்பு கட்டப்பட்டிருந்தது. விறைப்பும் வழுக்கலும் கொண்ட இந்த நரம்பு, அடிக்கும்போது பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது; பந்து கடுமையாகச் சுழல்கிறது. அதற்கு முன் முழு வேகத்தில் அடித்தால் பேஸ்லைனைத் தாண்டிப் போயிருக்கும் பந்து, இப்போது சுழற்சியால் வளைந்து உள்ளே விழுந்தது. அதிலும் முக்கியமாக, வலையருகே நிற்பவரின் காலடியில் விழுந்தது. தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்காக இடுப்பளவில் வர வேண்டிய பந்து கணுக்காலருகே வந்தால் எந்த வித்தகரும் தடுமாறத்தான் செய்வார்.

அடுத்தது தரை. விம்பிள்டன் 2001-இல் தன் புல்லை மாற்றி, முழுவதும் ரை வகைப் புல்லையே விதைத்தது. புல் நீடித்து நிற்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் தரை கெட்டியாகிப் பந்து உயரமாக எழும்பத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், மாற்றம் வந்த அந்த 2001-இலேயே கோப்பையை வென்றவர், சிறப்பு அனுமதியில் நுழைந்த அதே சர்வ் மன்னர் இவானிசெவிச். மாற்றத்தின் விளைவு மறு ஆண்டு தெரிந்தது: 2002 இறுதியாட்டத்தில் ஹெவிட்டும் டேவிட் நல்பாண்டியனும் மோதினார்கள், சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடும் வழக்கமே அந்த ஆட்டத்தில் காணப்படவில்லை. விம்பிள்டன் புல்தரையில், பேஸ்லைன் அருகே மட்டும் புல் தேய்ந்து பழுப்பாகி, வலையருகே பச்சை மாறாமல் இருப்பதை இப்போது ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். முன்பு சர்வ் கோட்டிலிருந்து வலைவரை ஓர் ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கும். உள்ளரங்கக் கார்ப்பெட் தரையும் 2009-க்குப் பிறகு ஆண்களுக்கான உயர்மட்டப் போட்டிகளிலிருந்து விலகியது. வேகமான தரைகள் குறைந்தபோது அவற்றில் பிழைத்த ஆட்டமும் குறைந்தது.

2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டம் காவியமா, சித்திரவதையா?

இரண்டும்தான். ஜோகோவிச் 5-7, 6-4, 6-2, 6-7, 7-5 என்று நடாலை வென்ற அந்த ஆட்டம் 5 மணி 53 நிமிடம் நடந்தது. கிராண்ட்ஸ்லாம் இறுதியாட்டங்களில் இதுவே மிக நீண்டது. பரிசளிப்பு விழாவில் பேச்சுகள் நீண்டுகொண்டிருக்க, இருவரும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ நாற்காலிகளையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோப்பையை வாங்கும் முன்னால் நாற்காலிக்குக் காத்திருந்த வெற்றியாளரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆட்டத்தைப் பற்றிய என் கருத்து இது: கடைசி இரண்டு செட்டுகள் மறக்க முடியாதவை, இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வளவு நினைவில் இல்லை. சலிப்பு தோன்றிய இடங்களில்கூட அதற்குக் காரணம் ராலிகள் இல்லை. ராலிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிதான். அன்றைய விதி புள்ளிகளுக்கு இடையே 20 நொடி அனுமதித்தது. இருவரும் துண்டு எடுத்து, முகம் துடைத்து, பந்தைத் தட்டித் தட்டி அதை அடிக்கடி மீறினார்கள். மூச்சு வாங்காமல் அப்படி ஆட மனிதரால் முடியாது என்பதும் உண்மைதான். பார்வையாளரின் கடிகாரத்துக்கு இந்தச் சமாதானம் தெரியாதே. 2018-இல் அமெரிக்க ஓபனின் முதன்மைச் சுற்றுகளில் 25 நொடிக் கடிகாரம் களத்தில் வைக்கப்பட்டதும், பின்னர் அது பரவியதும் இந்தக் குறைக்குக் கிடைத்த நேரடியான பதில் எனலாம்.

தற்காப்பு ஆட்டக்காரர் எதிராளியையும் மோசமாக ஆடவைத்துவிடுகிறாரே?

அதுதானே அவருடைய வேலை. 2016 ஆஸ்திரேலிய ஓபன் நான்காவது சுற்றில் சிமோன் இதைச் செய்து காட்டினார். உலகின் முதலிடத்தில் அசைக்க முடியாமல் இருந்த ஜோகோவிச், அந்த ஒரே ஆட்டத்தில் எவரும் கட்டாயப்படுத்தாமல் தானாகச் செய்த தவறுகள் 100. எண்ணியவர்களே இன்னொரு முறை எண்ணிப் பார்த்திருப்பார்கள். சிமோன் செய்தது எளிமையாகத் தோன்றும்: வேகம் தரவில்லை, கோணம் தரவில்லை, களத்தின் நடுவே ஆழமாகப் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். எதிராளியின் வேகத்தைப் பயன்படுத்தியே பழகிய ஜோகோவிச், வேகத்தைத் தானே உண்டாக்க வேண்டியிருந்தது. பொறுமையிழந்து, பந்தை வலையருகே மெதுவாகப் போடும் டிராப் ஷாட் அடித்தார், வலையில் விழுந்தது. மறுபடி அடித்தார், சிமோன் ஓடிவந்து எடுத்துவிட்டார். ஐந்தாவது செட்டில் ஒருவழியாக வென்று களத்தில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, இனி டிராப் ஷாட் வேண்டாம் என்று பார்வையாளர் ஒருவர் கத்தினார். ஜோகோவிச்சும் அதை ஒப்புக்கொண்டார்.

இந்த ஆட்டத்தை அசிங்கமான ஆட்டம் என்பவர்கள் உண்டு. 100 தவறுகள் கண்ணுக்கு இனிமையாக இருக்காதுதான். ஆயினும் தோற்கடிக்கவே முடியாத ஒருவர் தன் ஆட்டத்தையே சந்தேகிக்கத் தொடங்கியதை நான்கரை மணி நேரம் அருகிலிருந்து பார்ப்பது எனக்கு எந்த ஏஸ் மழையையும்விடப் பெரிதாகப்பட்டது.

'தானாகச் செய்த தவறு' என்ற கணக்கையும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அது கணக்கெடுப்பவரின் தீர்ப்பு. எதிரில் யார் நிற்கிறார் என்ற அச்சத்தால் கோட்டுக்கு மிக அருகே குறிவைத்துத் தவறவிட்ட பந்தும் அதில் 'தானாக' என்றே பதிவாகும்.

பெண்கள் டென்னிஸில் இந்த விவாதம் எப்படி இருக்கிறது?

அங்கே அது சற்றுக் கடுமையாகவே இருந்தது. டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கி 2010 அக்டோபரில் கிராண்ட்ஸ்லாம் எதுவும் வெல்லாமலேயே உலக முதலிடத்தைப் பிடித்தபோது, "பந்தைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறென்ன தெரியும்?" என்று கேட்கப்பட்டது. அவர் 2018-இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்ற பிறகுதான் அந்தக் குரல் அடங்கியது. இறுதியில் அவரிடம் தோற்றவர் அதே வகையைச் சேர்ந்த ஹாலெப். இரண்டு சுவர்கள் மோதினால் என்ன ஆகும் என்று மேலே கேட்டோமே, அந்த ஆட்டம் அதற்கு ஒரு நல்ல பதில். இருவரும் அதுவரை கிராண்ட்ஸ்லாம் வெல்லாதவர்கள், இருவருக்கும் உடல் தளர்ந்துபோயிருந்தது, ஒவ்வொரு ராலியிலும் யாராவது ஒருவர் தன் இயல்பை மீறி முன்னே வரவேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ஹாலெப் செரீனா வில்லியம்ஸை 6-2, 6-2 என்று 56 நிமிடத்தில் வென்றார். அந்த 56 நிமிடத்தில் ஹாலெப் தானாகச் செய்த தவறுகள் மூன்றே மூன்று. தற்காப்பு என்றால் மெதுவானது, நீளமானது என்று நினைப்பவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். செரீனாவின் முழுவேகப் பந்துகள் வந்த வேகத்திலேயே மூலைகளுக்குத் திரும்பிப் போயின.

சென்னையில் இப்படிப்பட்ட ஆட்டம் நடந்ததுண்டா?

நுங்கம்பாக்கம் அரங்கத்தில் 2008 சென்னை ஓபன் அரையிறுதியைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நடாலும், அவரைப் போலவே மயோர்காவைச் சேர்ந்த, பின்னாளில் அவருக்குப் பயிற்சியாளரான கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். மூன்று செட்டுகளும் டைபிரேக் வரை சென்றன. மூன்றே செட் கொண்ட ஆட்டம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது. நடால் வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் மிகைல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். உலகின் இரண்டாம் நிலை வீரர், ஓடுவதற்குப் பெயர்போனவர், அன்று கால்களை நகர்த்தவே சிரமப்பட்டார். தற்காப்பு ஆட்டத்துக்கான கட்டணம் மறுநாள்தான் வசூலிக்கப்படும் என்பதை ஒரே வார இறுதியில் சென்னை பார்த்துவிட்டது.

சென்னையின் பெயர் வரும்போது ரமேஷ் கிருஷ்ணனையும் சொல்லாமல் விட முடியாது. வேகமான சர்வ் இல்லாத அவர், பந்து எழும்பும்போதே மென்மையாகத் தொட்டு, எதிராளியின் வேகத்தை அவருக்கே திருப்பிவிடுவார். 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது சுற்றில் அவர் வீழ்த்தியது யாரை? அன்றைய உலக முதல்வரும் அக்காலத் தற்காப்பின் இலக்கணமுமான மேட்ஸ் விலாண்டரை. சுவரைச் சம்மட்டியால்தான் உடைக்க வேண்டும் என்பதில்லை.

பார்வையாளர் வரிசைவரை பின்னால் சென்று நிற்பவர்களை என்ன செய்வது?

மெத்வதேவ் சர்வை எதிர்கொள்ள நிற்கும் இடத்தைப் பார்த்தால் கோட்டு நடுவரோடு பேச வந்தவரோ என்று தோன்றும். அவ்வளவு பின்னால் நின்றால் எந்த சர்வும் வேகம் தணிந்து வந்து சேரும். ஆனால் முன்னால் ஏக்கர் கணக்கில் இடம் காலியாக இருக்கும். 2023 அமெரிக்க ஓபன் இறுதியில் ஜோகோவிச் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார். இரண்டாவது செட் மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அருகே நீண்டு, 36 வயதான அவருடைய கால்கள் தளரத் தொடங்கியபோது, சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடத் தொடங்கினார். அவ்வாறு ஓடிய 22 முறையில் 20 முறை புள்ளி அவருக்கே கிடைத்தது. வழக்கொழிந்துவிட்டது என்று பலர் எழுதிவைத்த ஆட்டமுறையைத் திரும்பக் கொண்டுவந்தது, எதிராளியின் மிதமிஞ்சிய தற்காப்புதான்.

கார்லோஸ் அல்கராஸ் வேறு வழியில் அதே விடையைத் தருகிறார். ஃபோர்ஹேண்டை ஓங்கி அடிக்கப்போவதுபோல் கையைத் தூக்கி, எதிராளி இரண்டடி பின்வாங்கியதும் பந்தைத் தடவிவிட்டு வலையருகே போட்டுவிடுவார். எதிராளி பின்னால் நிற்கவில்லை என்றால் இந்த டிராப் ஷாட்டுக்கு மதிப்பே கிடையாது.

விதிகளை மாற்றித் தாக்குதலை ஊக்குவிக்கலாமா?

புள்ளி எண்ணும் முறையையோ வலையின் உயரத்தையோ தொட வேண்டாம் என்பேன். தரைகளின் வேகத்தில் வேறுபாடு இருக்கட்டும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆடவைத்தால் ஒரே வகை வீரர்கள்தான் வளர்வார்கள்.

தொலைக்காட்சியில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டா?

தற்காப்பு ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி பெரிய அநியாயம் செய்கிறது. கேமரா பேஸ்லைனுக்குப் பின்னால் உயரத்தில் இருந்து கீழே பார்க்கிறது. அதனால் களம் தட்டையாகவும் குட்டையாகவும் தெரிகிறது. பந்து வலையை எவ்வளவு உயரத்தில் கடந்தது, விழுந்தபின் தோளுயரம் எழும்பியதா, வீரர் எத்தனை மீட்டர் ஓடினார் என்பவை அந்தக் கோணத்தில் கரைந்துவிடுகின்றன. டாப்ஸ்பின் பந்து சும்மா மிதந்து போவதுபோல் தெரிகிறது. களத்தின் பக்கவாட்டில், தரை மட்டத்துக்கு அருகே உட்கார்ந்து பார்த்தால் அதே பந்து சீறிக்கொண்டு போவதும், காலணி தரையில் கிறீச்சிடுவதும், அடித்த மறுகணமே அடுத்த பந்துக்காக உடல் திரும்புவதும் தெரியும். வெளிக்களங்களில் நடக்கும் ஆரம்பச் சுற்று ஆட்டம் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், ஒரு கேம் முழுவதும் பந்தைப் பார்க்காமல் ஒருவருடைய கால்களை மட்டும் பாருங்கள்.

இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

2025 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்திலிருந்து தொடங்குங்கள். யானிக் சின்னரும் அல்கராஸும் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள். முதல் இரண்டு செட்டுகளை இழந்து, வென்றால் சின்னருக்குக் கோப்பை என்ற மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகளிலிருந்து தப்பித்து, ஐந்தாவது செட் டைபிரேக்கை 10-2 என்று வென்றார் அல்கராஸ். இருவரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள் என்றே அறியப்படுபவர்கள். ஆனால் முக்கியமான புள்ளிகளில் அவர்கள் எட்டாத பந்துகளை எட்டிப் பிடித்து, சறுக்கிக்கொண்டே திருப்பி அனுப்பியதை எண்ணிப் பாருங்கள். அதன்பின் 2008 விம்பிள்டன் இறுதி. அதற்கும் பிறகு பொறுமை மிச்சமிருந்தால் மட்டும் சிமோனிடம் போகலாம்; பக்கத்தில் ஒரு குடுவை காபி இருப்பது நல்லது.